டேப்பில் இல்லாத மட்டி

போன மாதம் எனக்கு ஒரு போன் வந்தது. பேசியது கார்த்திகா என்ற பெண். நான் வேலை பார்த்த ஆய்வு நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாளாம். நான் ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிறது. மணலூர்பேட்டையில் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு, யார் வம்புக்கும் போகாமல் இருக்கிறவன். அவள் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினாள்.

"சார், உங்க மலையடிவார அணை அறிக்கையத்தான் சார் எங்களுக்குப் பயிற்சியில மாதிரியா குடுத்திருக்காங்க. நிலையத்து மலருக்கு உங்க அனுபவத்தை ஒரு கட்டுரையா எழுதித் தரணும். ரெண்டு பக்கம் போதும்."

"எந்த அறிக்கைம்மா?"

"தண்ணிக்கடியில வீடியோ எடுத்து மட்டி கணக்கெடுத்தீங்களே சார். இப்ப எண்றதுக்கு சாஃப்ட்வேர் வந்துடுச்சு. உங்க டேப்பைத்தான் அதுல போட்டுப் பார்த்தோம். நீங்க எண்ணினதும் அது எண்ணினதும் அச்சு அசலா ஒண்ணு! எல்லாரும் கைதட்டினோம் சார்."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறிவிட்டது.

"அந்தக் கணக்கு தப்பும்மா! தப்பு! தப்புன்னு தெரிஞ்சே கையெழுத்துப் போட்டவன் நான். அதுக்குப் போய்க் கைதட்டினீங்களா?"

"டேப்புல இருக்கறதத்தானே சார் அது எண்ணும்?" என்றாள், பாவம், மெதுவாக. இன்னொன்றும் சொன்னாள். அந்த அறிக்கையை வைத்து அணையில் மட்டி எடுக்கத் தடை போட்டிருந்தார்களே, அதன் ஐந்து வருஷம் முடியப் போகிறதாம். மறுபடியும் ஐந்து வருஷத்துக்கு நீட்டிக்கப் போகிறார்களாம். அதற்கும் அதே அறிக்கைதான் ஆதாரமாம்.

கட்டுரைதானே கேட்டார்கள்? எழுதுகிறேன். இரண்டு பக்கத்தில் அடங்காது. மலரில் போடுவார்களா மாட்டார்களா என்பது அவர்கள் பாடு.

கடலையே பார்க்காமல் கடல் வேலைக்குப் போனவன் நான். ஆர்டர் வந்த அன்றைக்கு அப்பா, "சமுத்திரத்துல உனக்கு இன்னாடா வேலை?" என்றார். சிப்பி எண்ணப் போகிறேன் என்றேன். "அத்த எண்ணி இன்னா பண்ணுவானுங்க?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. முதல் மூன்று மாதம் படகில் ஏறினால் வாந்தி, இறங்கினால் தலைசுற்றல். நான்காவது மாதம் எல்லாம் அடங்கிவிட்டது. அதற்குமேல் பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வேலை இதுதான். இரும்புச் சட்டத்தில் ஒரு சறுக்குவண்டி. அதில் கேமரா கீழே பார்த்தபடி இருக்கும், இரண்டு பக்கமும் விளக்கு. படகு அதை ஆள் நடக்கிற வேகத்தில் கடலடியில் இழுத்துப் போகும். தரையில் எப்போதும் லேசர் விளக்கின் இரண்டு சிவப்புப் புள்ளிகள் விழுந்துகொண்டே வரும். இரண்டுக்கும் நடுவே சரியாக ஒரு சாண். எவ்வளவு அகலத்துக்குப் பார்த்தோம், சிப்பி எவ்வளவு பெரிது என்பதெல்லாம் அந்தப் புள்ளிகளை வைத்துத்தான். பிறகு கரைக்கு வந்து, இருட்டறையில் உட்கார்ந்து, டேப்பை ஓடவிட்டு, கையிலுள்ள பொத்தானை அமுக்கி அமுக்கி எண்ண வேண்டும். டேப் போய் சின்ன கார்டு வந்த பிறகும் நாங்கள் டேப் என்றேதான் சொன்னோம்.

உயிருள்ள சிப்பி வாயை இம்மியளவு திறந்து வைத்திருக்கும். ஓரத்தில் இரண்டு துளைகள் தெரியும். செத்தது மூடி பிளந்த டப்பா மாதிரி வெள்ளையாக மல்லாந்து கிடக்கும். செத்ததை எண்ணக் கூடாது. வண்டி தரையில் இடித்துச் சேறு கிளம்பினால், அது அடங்குகிற வரைக்கும் உள்ள படத்தைத் தள்ளிவிட வேண்டும். ஒரே டேப்பை இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும். ஒருவர் கணக்கை மற்றவர் பார்க்கக் கூடாது. தாளை மடித்து, உறையிலிட்டு ஒட்டிக் கொடுப்போம். இரண்டு கணக்கும் ஒத்துவரவில்லை என்றால் மூன்றாவது ஆள்.

இந்த விதிகளைப் போட்டவர் எங்கள் தலைமை அதிகாரி. பெரிய சார் என்போம். அவர் குரலை உயர்த்தி ஒருவரும் கேட்டதில்லை. அவருக்கு எல்லாரும் ராஜாதான். டிரைவர் ராஜா, பியூன் ராஜா, நானும் ராஜா. கையில் எப்போதும் கூராகச் சீவிய பென்சில் இருக்கும். பிடிக்காத ஃபைல் வந்தால் திட்ட மாட்டார். ஒரே விரலால் அதை மூடி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் வைத்துவிடுவார். அதற்குப் பிறகு நீங்கள் நின்றாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான்.

ஒருமுறை என்னோடு எண்ணுகிற முருகேசன் நாற்பத்தொன்று என்று எழுதியிருந்தான். அதே டேப்பில் எனக்கு இருபத்தாறு. பெரிய சார் மூன்றாவது ஆளைக் கூப்பிடவில்லை. தானே வந்து உட்கார்ந்தார். பென்சிலை முருகேசன் கையில் கொடுத்தார்.

"ஒவ்வொரு சிப்பியா திரையில தொட்டுக் காட்டு ராஜா."

முருகேசன் தொட்டான். இருபத்தாறு வந்தது. சட்டை நனைந்துவிட்டது அவனுக்கு.

"மீதி பதினஞ்சு எங்க ராஜா?"

"பாசிக்கு அடியில இருக்கும் சார். பாசி இருந்தா சிப்பி இருக்கும்."

"இருக்கும்னு சொல்றதுக்கு ஜோசியர் போதுமே ராஜா. நமக்கு எதுக்குக் கேமரா? கண்ணுக்குத் தெரியாததை எழுதாதே."

அன்றைக்கு நான் அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. சிப்பி குத்தகை எடுக்கிறவர்கள் எவ்வளவோ பேர் எங்கள் கணக்கைக் கூட்டச் சொல்லியும் குறைக்கச் சொல்லியும் வந்து நின்றார்கள். ஒருவர் பருப்பும் அவரிடம் வேகவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே அவர் எங்களை யோக்கியமாக வைத்திருந்தார். அதே வாக்கியம்தான் பின்னால் ஒரு ஊரையே பட்டினி போட்டது.

நான் ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போது, கல்வராயன் மலை அடிவாரத்து அணை ஒன்றில் மட்டி, அதாவது நன்னீர்ச் சிப்பி, கணக்கெடுக்க எங்களைக் கூப்பிட்டார்கள். கடலில் எண்ணினவனுக்கு அணை எம்மாத்திரம் என்று நானும் துள்ளிக்கொண்டு கிளம்பினேன். சொந்த ஊர்ப்பக்கம் வேறு. விஷயம் என்னவென்றால், அணையில் மீன் குத்தகை எடுத்தவர், மலைக்காரர்கள் தண்ணீரை வடிகட்டிச் சுத்தம் செய்கிற மட்டியை எல்லாம் அள்ளித் தீர்த்துவிட்டார்கள், தண்ணீர் கெட்டு மீன் குறைகிறது என்று மனுப் போட்டிருந்தார்.

மலைக்காரர்கள் என்றால் அணைக்கு மேலே சரிவில் இருக்கிற சின்ன ஊர். சாமையும் தினையும் போடுகிற குடும்பங்கள். கோடையில் காட்டில் வேலை இருக்காது, வீட்டில் தானியமும் தீர்ந்துபோகும். அந்த மாதங்களில்தான் அணைத் தண்ணீர் இறங்கும். பெண்கள் கீழே வந்து மட்டி எடுப்பார்கள். பாதியை வேகவைத்துத் தின்பார்கள், பாதியை உலர்த்தி வெள்ளிமலைக்குக் கொண்டுபோய் விற்பார்கள். அந்த மூன்று மாதம் அடுப்பு எரிவது அதில்தான்.

அணைத் தண்ணீர் டீ மாதிரி இருந்தது. கேமரா முன்னால் ஒரு முழம்கூடத் தெரியவில்லை. பெரிய சார்தான் வழி சொன்னார். கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக் பெட்டி ஒன்று செய்து, அதில் குடிதண்ணீர் கேனைக் கவிழ்த்து நிரப்பி, லென்சுக்கு முன்னால் பொருத்தினோம். பெட்டி தரையை ஒட்டி நகர்ந்தது. நடுவில் நல்ல தண்ணீர்தானே, தரை பளிச்சென்று தெரிந்தது. அறிவாளி மனுஷன், அதை இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஐந்து நாள் ஓட்டினோம். திரையில் சேறு, சேறு, செத்த ஓடு, சேறு. எப்போதாவது ஒரு மட்டி. கரையில் இடுப்பில் பக்கெட்டோடு ஒரு பெண் தினமும் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். பெயர் சின்னப்பொண்ணு என்று பிறகு தெரிந்தது. மூன்றாம் நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"யோவ் சாரு! இன்னாத்த தேடிக்கினு கீறீங்க?"

"மட்டிம்மா. எவ்ளோ இருக்குதுன்னு பாக்கறோம்."

"மேல பாத்தா இன்னா தெரியும்? தண்ணி எறங்குனா அதுங்க சேத்துக்குள்ள பூந்துக்கும். கால வுட்டுப் பாரு. பொட்டியத் தூக்கினு வந்துட்டானுங்க."

படகில் எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். முப்பது வருஷம் கடலடியைப் பார்த்தவனுக்கு இந்தம்மா பாடம் எடுக்கிறாளா என்று நினைத்தேன். அந்தத் திமிருக்கு என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

கடைசி நாள் படகு தென்கரையோரம் சேற்றில் மாட்டிக்கொண்டது. தள்ளுவதற்காக வெறுங்காலோடு இறங்கினேன். முழங்கால் வரை புதைந்தது. உள்ளங்காலில் சுரீரென்று கிழித்தது. கையை விட்டுத் துழாவினேன். ஒரு மட்டி. பக்கத்தில் இன்னொன்று. அதன் பக்கத்தில் இன்னொன்று. செங்கல் அடுக்கின மாதிரி நெட்டுக்குத்தாக நின்றுகொண்டிருந்தன. எல்லாம் உயிருள்ளவை, தொட்டதும் இறுக மூடிக்கொண்டன. நின்ற இடத்தைவிட்டு நகராமல் ஒரு பக்கெட் நிறைந்துவிட்டது. அன்று காலையில்தான் வண்டி அந்த இடத்தின்மேல் போயிருந்தது. அந்தத் துண்டு டேப்பில் என் கணக்கும் முருகேசன் கணக்கும் சுழி.

பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு விருந்தினர் மாளிகைக்கு ஓடினேன். பெரிய சார் ஈஸிசேரில் இருந்தார்.

"சார், நம்ம கணக்கு மொத்தமும் தப்பு. எல்லாம் சேத்துக்கடியில கிடக்குது. பாருங்க!"

ஒரு மட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அருமையா இருக்கே ராஜா. இது எந்த டேப்புல இருக்கு?"

"டேப்புல இல்ல சார். கால்ல பட்டுது."

"கால்ல பட்டதை எந்தக் கட்டத்துல எழுதறது?"

"கட்டம் வேணாம் சார். கீழ ஒரு குறிப்பா எழுதுவோம். தண்ணி குறைஞ்ச காலத்துல இது புதைஞ்சுக்கும், வீடியோவுல தெரியாது, மழைக்கு அப்புறம் மறுபடி பாக்கணும்னு."

"அப்படி எழுதினா நம்ம முறையே தப்புன்னு ஆயிடும் ராஜா. முப்பது வருஷக் கணக்கையும் கேள்வி கேப்பான். பதிவில் தென்பட்டவைன்னு போட்டு நம்பரை எழுதிடு. அது நிஜம்தானே?"

மடியிலிருந்த ஃபைலை ஒரே விரலால் மூடினார். கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் வைத்தார்.

பிறகு நடந்ததை எழுதவே கை கூசுகிறது. அவர் சமையல்காரரைக் கூப்பிட்டார். "ராஜா, இதை மிளகு தூக்கலாப் போட்டு வறுத்துடு" என்றார். பக்கெட் மட்டியும் அன்றைக்கு எங்கள் இலைக்கு வந்தது. இரண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். மறுநாள் காலை, இந்த அணையில் உயிருள்ள மட்டி ஏறக்குறைய இல்லை என்று காட்டுகிற தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். ஏப்பம்கூட அடங்கியிருக்காது.

என் தாளில் நம்பர் மட்டும்தான் இருந்தது. அதற்கு அடுத்த பக்கத்தில், மலைவாழ் மக்கள் அளவின்றி அள்ளியதே இந்த அழிவுக்குக் காரணம் என்று ஒரு வரி சேர்த்து அனுப்பியிருந்தார்கள். அச்சாகி வந்த பிறகு படித்தேன். படித்துவிட்டுச் சும்மா இருந்தேன். ஓய்வுக்கு இரண்டு வருஷம், எதற்கு வம்பு என்று இருந்தேன். நம்பர் நிஜம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எப்பேர்ப்பட்ட அயோக்கியத்தனம் அது! நிஜமான நம்பரைக் கொண்டு இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்ல முடியும் என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது.

ஐந்து வருஷத்துக்குத் தடை வந்தது. அணைக்கரையில் பலகை நட்டார்கள். காவலுக்கு ஆள் போட்டார்கள்.

கார்த்திகா போன் செய்த மறுநாள் நான் பஸ் பிடித்து, ஜீப் மாறி, அந்த ஊருக்குப் போனேன். சின்னப்பொண்ணு வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"வந்துட்டியா? இந்தவாட்டி இன்னா படம் புடிக்கப் போற?"

தடையை நீட்டிக்கப் போகிறார்கள், கள்ளக்குறிச்சியில் கருத்துக் கேட்கிற கூட்டம் இருக்கிறது, நான் வந்து என் கணக்கு தப்பு என்று சொல்லப் போகிறேன், நீயும் வரவேண்டும் என்றேன்.

"அஞ்சு வருசமா இன்னா பண்ணிக்கினு இருந்த?"

முறத்தைக் கீழே வைக்காமலே அவளே தொடர்ந்தாள். "எங்க புள்ளைங்க கெயங்கு தோண்டித் துன்னுதுங்க. நான் ராவோட ராவா எறங்கி எடுப்பேன். புடிச்சுட்டானுங்க, நாலுவாட்டி. கேசு போட்டுக்கீறானுங்க. வக்கீலு, எடுக்கவே இல்லன்னு சாதிச்சுடுன்றாரு. நான் வரேன். உனக்காவ இல்ல."

கூட்டத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் இளம் அதிகாரி. மரியாதையானவர்தான். நான் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன், மிளகு வறுவல் உட்பட. பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

"கீழ இருக்கறது உங்க கையெழுத்துதானே ஐயா?"

"ஆமாங்க."

"மட்டி இருந்துச்சுன்றதுக்கு ஏதாவது பதிவு இருக்குங்களா? நீங்க சொல்றதை நான் நம்பறேன். ஆனா நான் எழுத்துல இருக்கறதைத்தானே பாக்க முடியும்?"

எனக்குப் பெரிய சாரே அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது. இல்லைங்க என்று சொல்லிவிட்டு நின்றேன். அப்போது சின்னப்பொண்ணு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். எல்லாக் காகிதமும் கொண்டுவரச் சொல்லிக் கூட்டத்து நோட்டீசில் இருந்ததால், வீட்டிலிருந்த காகிதத்தையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் திணித்துக் கொண்டுவந்திருந்தாள். படிக்கத் தெரியாது அவளுக்கு.

"என்னப் புடிச்சப்பல்லாம் ஒக்காந்து ஒண்ணொண்ணா எண்ணி எய்துனானுங்களே, அது எய்த்து இல்லியா? படிச்சுச் சொல்லு."

அவள்மேல் போட்ட நாலு வழக்கின் மகஜர்கள். காவலர்கள் பறிமுதல் செய்ததைக் கரையிலேயே உட்கார்ந்து எண்ணி, இரண்டு சாட்சி வைத்து எழுதிய தாள்கள். சத்தமாகப் படித்தேன். தென்கரை, மலையோரம், உயிருள்ள மட்டி இருநூற்றுப் பன்னிரண்டு. அதே இடம், உயிருள்ள மட்டி முந்நூற்று நாற்பது. நாலு தாளிலும் அப்படித்தான். நான் சுழி போட்ட அதே கரை. எண்ணி, முத்திரை குத்தி, சாட்சிக் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறார்கள்!

"மட்டியே இல்லன்னு ஒரு தாளு," என்றேன். "இவ மட்டி எடுத்தான்னு நாலு தாளு. ரெண்டும் சர்க்கார் தாளு. எது நிஜம்னு நீங்களே சொல்லுங்க."

அதிகாரி நாலையும் வாங்கி இரண்டு முறை படித்தார். நகல் எடுக்கச் சொன்னார். நீட்டிப்பை நிறுத்திவைப்பதாகவும், மழைக்குப் பிறகு ஆட்களை இறக்கிக் கையால் துழாவி மறுகணக்கு எடுக்கச் சொல்வதாகவும் சொன்னார். வழக்குகள் கோர்ட்டில் இருப்பதால் அதில் தான் தலையிட முடியாது என்றார்.

வெளியே வந்ததும் எனக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது. சின்னப்பொண்ணு குதிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் யோசித்துக்கொண்டே நடந்தாள். அங்கே நின்று கேட்டாள்.

"சாரு, நான் கோர்ட்டுல எடுக்கலன்னு சொன்னா, அந்தத் தாளு பொய்யின்னு ஆய்டுமா?"

"உன்னை விடுதலை பண்ணிட்டா ஆயிடும்."

"அப்ப மட்டியும் இல்லன்னு ஆய்டும்."

வக்கீலிடம் பேசிப் பார்க்கலாம், வேறு வழி இருக்கும் என்று ஏதேதோ சொன்னேன். அவள் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

போன வாரம் வழக்கு வந்தது. நானும் போயிருந்தேன். வக்கீல் கண்ணைக் காட்டிக் காட்டிப் பார்த்தார். நீதிபதி முதல் மகஜரைப் படித்து, இது உண்மையா, மட்டியை எடுத்தாயா என்று கேட்டார்.

"எடுத்தேன்ங்க," என்றாள் சின்னப்பொண்ணு.

இரண்டாவதைப் படித்தார். "எடுத்தேன்ங்க." மூன்றாவது. "எடுத்தேன்ங்க." நாலாவதை அவர் படித்து முடிப்பதற்குள், "முந்நூறுன்னு போட்டுக்கீதுங்களா? எல்லாம் உசுரோடதான் இருந்துச்சு, அத்தயும் எய்திக்கங்க," என்றாள்.

அபராதம் விதித்து, கோர்ட் கலைகிற வரைக்கும் உள்ளேயே இருக்கவேண்டும் என்று தண்டனை சொன்னார்கள். அவள் சுவரோரம் போய்க் கீழே உட்கார்ந்தாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். காவலர் வந்து, "நீங்க எழுந்து போலாம் ஐயா, உங்க மேல ஒண்ணும் இல்லியே," என்றார்.